மோட்டார் வண்டியிற் பழுது நாடும் முறை

மலையிற் புகை எழக் கண்டு ஆங்கே நெருப்புண்டு எனத் துணிதல், அளவை நூலோர் தொன்றுதொட்டு எடுத்தாளும் எடுத்துக்காட்டாகும். காண்டல், கருதல், உரை என அளவையை மூன்றாக அடக்கிக் கூறும் சித்தாந்த நூல்களைப் பயிலும் மாணவர், அம்மூன்றும் ஏட்டளவில் நின்றுவிடுவன என எண்ணுதல் கூடும். ஆயின், கொழும்பு நகரில் ஓடும் பழைய மோட்டார் வண்டியொன்றின் புகையை ஆராயப் புகுவார்க்கும் அம்மூன்றுமே துணையாகின்றன. கண்ணாற் கண்டும் கருவியால் அளந்தும் அறிவது காண்டல். கண்டவற்றைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். வண்டியின் கணினி தானே கூறும் குறியெண் உரை. இவற்றுள் ஒன்றனை மற்றொன்றாக மயங்கும்போதே வீண் செலவும் பிழையான பரிகாரமும் நேர்கின்றன. கழிவு வாயுவை எஞ்சினுக்குள் மீளச் செலுத்தும் அமைப்பையும் அதன் உணரியையும் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி இந்நாட்டார்க்கு இன்று பெரிதும் வேண்டப்படுவது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீளத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. பதினைந்து, இருபது ஆண்டு கடந்த வண்டியை வைத்துப் பேணுவோர் பலர் செல்வர் அல்லர். மாதச் சம்பளத்தில் வாழ்வோர். அவர்தம் வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரியின், அவ்விளக்கின் பொருளை அறிந்தோர் சொல்வதை நம்புதலன்றி அவர்க்கு வேறு வழியில்லை. ஆதலின் இவ்வகைப் பழுது எவ்வாறு நாடப்படுகின்றது என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவர்க்குக் காப்பாகும்.

அமைப்பின் நோக்கம்

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் ஆகும். சாதாரண வெப்பநிலையில் இது ஒட்சிசனோடு கூடுவதில்லை. எஞ்சினின் உருளைக்குள்ளே எரிபொருள் எரியும்போதோ, சுவாலையின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் தாண்டுகின்றது. ஏறத்தாழ 1500 பாகைக்கு மேற்பட்டவிடத்து நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைத்திரிக்கொட்சைட்டு உண்டாகின்றது; வெப்பநிலை சிறிது ஏறினும் அதன் அளவு பன்மடங்கு ஏறும். இவ்விரசாயனத் தாக்கத்தை 1940களில் விளக்கியவர் சோவியத்து அறிஞரான யாக்கொவ் செல்டோவிச் ஆவார்.

வெளியே வந்த நைத்திரிக்கொட்சைட்டு காற்றிலே நைதரசனீரொட்சைட்டாக மாறிச் சுவாசக் குழாய்களை உறுத்துகின்றது. ஈளை நோயாளரையும் குழந்தைகளையும் மிகுதியும் வருத்துகின்றது. அஃதன்றி, எரியாது வெளிவந்த ஐதரோக்காபன்களோடு வெயிலிற் கூடித் தரைமட்டத்தில் ஓசோனையும் ஆக்குகின்றது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடியிருந்த மாசு மூட்டத்தின் தோற்றம் இதுவே என 1950களின் தொடக்கத்தில் நிறுவியவர் ஹாகன் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர். அதன் பயனாக எழுந்த சட்டங்களுள் 1970 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தலையாயது. யப்பான் 1978 ஆம் ஆண்டில், பெற்றோற் பயணிகள் வண்டியொன்று கிலோமீற்றருக்கு 0.25 கிராமுக்கு மேல் நைதரசனொட்சைட்டுகளை வெளியிடலாகாது என விதித்தது. கொழும்பு வீதிகளில் ஓடும் பழைய வண்டிகளுட் பெரும்பாலானவை யப்பானில் ஆக்கப்பட்டவை. ஆகவே அவ்விதியின் வழிவந்தவை.

இவ்விதிகளை நிறைவேற்றக் கண்ட உபாயங்களுள் ஒன்று மிக எளியது. எரிந்து முடிந்த வாயுவிற் காபனீரொட்சைட்டும் நீராவியும் நைதரசனும் மிக்குள்ளன. அது மீண்டும் எரியாது. அவ்வாயுவிற் சிறு பங்கைப் புதுக் காற்றோடு கலந்து உருளைக்குட் செலுத்தினால், அது எரிதலிற் பங்கு கொள்ளாது வெப்பத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளும். அதனாற் சுவாலையின் உச்ச வெப்பநிலை தாழும்; நைத்திரிக்கொட்சைட்டும் குறையும். பெற்றோல் எஞ்சின்களிற் பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதற் பதினைந்து பங்குவரை இவ்வாறு மீளச் செலுத்தப்படுகின்றது. கராச்சுகளில் இவ்வமைப்பு ஈ.ஜி.ஆர். என்றே வழங்கும். கழிவுக் குழாயையும் காற்று உட்செல்லும் குழாயையும் இணைக்கும் சிறு வழியும், அவ்வழியைத் திறந்து மூடும் வால்வுமே இதன் உறுப்புகள். பெற்றோல் வண்டியில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போதும், முழு வலுவும் வேண்டப்படும்போதும் வால்வு மூடியிருத்தல் வேண்டும். நடுத்தர வேகத்தில் ஒரு சீராக ஓடும்போது திறத்தல் வேண்டும்.

உணரியின் வகைகள்

வால்வு ஏவியபடி திறந்ததா என்பதைக் கணினிக்கு அறிவிப்பதே உணரியின் தொழில். அது வண்டிக்கு வண்டி வேறுபடும். முதல் வகை, வால்வின் தண்டு எவ்வளவு உயர்ந்தது என்பதை அளப்பது. இதற்கு மூன்று வயர்கள் உண்டு: ஒன்று கணினியிலிருந்து 5 உவோற்றுக் கொணர்வது, ஒன்று புவித்தொடுப்பு, மற்றொன்று செய்தியை மீளக் கொண்டு செல்வது. வால்வு மூடியிருக்கையிற் செய்தி வயரில் ஏறத்தாழ அரை முதல் ஒரு உவோற்று இருக்கும். திறக்கத் திறக்க அது சீராக ஏறி நான்கு உவோற்றையும் அணுகும். இரண்டாம் வகை, வாயு செல்லும் வழியில் ஓர் ஒடுங்கிய துளையை வைத்து, அதன் இரு பக்கத்தும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளப்பது. ஃபோர்ட் வண்டிகள் பலவற்றில் இதனைக் காணலாம். மூன்றாம் வகை, வாயு சென்றதா என்பதை அதன் வெப்பத்தால் அறிவது. இவ்வுணரியின் தடை சூடேறக் குறையும்: 50 பாகையிற் பல பதினாயிரம் ஓமாக இருப்பது 150 பாகையிற் சில ஆயிரம் ஓமாகத் தாழும்.

படிமுறை மோட்டாரால் இயங்கும் வால்வுகள் சிலவற்றில் நிலையறியும் உணரி அறவே இல்லை. ஆதலின் தம் முன் நிற்கும் வண்டியில் எவ்வகை உணரி உண்டு, உணரி என ஒன்று உண்டா என்பதைத் துணிதலே முதற் கடமை. இதனை அறியாது பஞ்சிகாவத்தைக்குச் சென்று உதிரிப்பாகம் தேடுவோர், நோய் இன்னதென அறியுமுன் மருந்து வாங்குவோரை ஒப்பர். அங்கு வாங்கும் பழைய உணரியும் பழுதுற்றிருப்பின் மயக்கம் இரட்டிக்கும்.

உரை: குறியெண் கூறுவது யாது?

1996 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாப் பயணிகள் வண்டிகளுக்கும் பொதுவான குறியெண் முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவிலே பெற்றோல் வண்டிகளுக்கு 2001 ஆம் ஆண்டில் அது வந்தது. அம்முறைப்படி, ஸ்கானர் என்னும் கருவியை இணைத்தவுடன் குறியெண் தோன்றும். பீ 0401 என்பது மீளச் செல்லும் வாயு போதாது என்பதையும், பீ 0402 மிகையாகச் செல்கின்றது என்பதையும் குறிக்கும். பீ 0403 வால்வை ஏவும் மின்சுற்றின் பழுது. பீ 0405 உணரியின் செய்தி மிகத் தாழ்ந்தது எனவும், பீ 0406 மிக உயர்ந்தது எனவும் கூறும். அதற்கு முற்பட்ட ரொயோட்டா வண்டிகளில் ஸ்கானர் வேண்டுவதில்லை. எஞ்சினுக்கருகேயுள்ள சோதனைப் பெட்டியில் டி.ஈ. 1, ஈ. 1 என்னும் இரு முனைகளைச் சிறு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பின், மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எண்ணைச் சொல்லும். ஏழு முறை மின்னிச் சிறிது தரித்துப் பின் ஒரு முறை மின்னின், அது 71, ஈ.ஜி.ஆர். அமைப்பிற் குறையுண்டு என்பது பொருள்.

இவ்விடத்திலேதான் பலர் வழுவுகின்றனர். பீ 0401 என்னும் எண்ணைக் கண்டவுடன் உணரியை மாற்றச் சொல்லுதல் பெருவழக்காகிவிட்டது. அவ்வெண் உணரி பழுது என்று கூறவில்லை. வாயு போதாது என உணரி சொன்னதையே அது திருப்பிச் சொல்கின்றது. தூதுவன் கொணர்ந்த செய்தி உவப்பில்லாதது என்பதற்காகத் தூதுவனைப் பொய்யன் எனல் தகாது. பீ 0405, பீ 0406 என்பன உணரியின் சுற்றையே குறிப்பினும், சுற்று என்பது உணரி, வயர், இணைப்பு, கணினி ஆகிய நான்கையும் அடக்கியது. ஆகவே உரை தேடவேண்டிய திசையைக் காட்டும். தேடிக் கண்டது ஆகாது.

காண்டல்: பார்த்தலும் அளத்தலும்

முதலிற் கண்ணாற் காணவேண்டும். வெள்ளவத்தையிற் கடலை அண்டிய ஒழுங்கைகளில் இரவு முழுதும் நிற்கும் வண்டிகளின் மின்னிணைப்புகளில் உப்புக் காற்றாற் பச்சைக் களிம்பு படர்வது இயல்பு. எஞ்சினின் சூட்டால் வயர்களின் உறை வெடித்தும், வெற்றிடக் குழாய்களாகிய சிறு இறப்பர்க் குழாய்கள் பிளந்தும் இருக்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வரையில் நெரிசலில் ஊர்ந்து சென்று மீளும் வண்டியோ, காலி வீதியில் நின்று நின்று செல்லும் வண்டியோ முழுச் சூட்டையும் முழு வேகத்தையும் அடைவது அரிது; அதன் வாயு வழியிற் புகைக்கரி படிந்து இறுகும். டீசல் வண்டிகளில் இப்படிவு இன்னும் மிகுதி.

அடுத்தது அளத்தல். இதற்கு வேண்டுவது ஒரு மல்ரிமீற்றரே. நிலையறியும் உணரியாயின், எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி, உணரியின் இணைப்பைக் கழற்றி, வரும் வயரில் 5 உவோற்று உண்டா என நோக்கல் வேண்டும். 4.8 முதல் 5.2 வரை இருப்பின் நன்று. இல்லையெனின் குற்றம் உணரியினது அன்று. வயரினதோ கணினியினதோ ஆகும். பின்னர் இணைப்பை மீளப் பொருத்தி, புவித்தொடுப்பு வயருக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால், 0.1 உவோற்றுக்கு மேற்படலாகாது. மேற்படின் புவித்தொடுப்பிற் களிம்பு உண்டென்க. இவ்விரண்டும் செவ்வையாக இருந்தபின்னரே செய்தி வயரை அளந்து, வால்வு மூடிய நிலையில் அது வண்டியின் கைந்நூல் கூறும் அளவில் உள்ளதா எனக் காணல் வேண்டும். அளக்கும்போது வயரை மெல்ல அசைத்துப் பார்த்தலும் தகும். சில வேளை மட்டும் தோன்றி மறையும் பழுது அவ்வசைவில் வெளிப்படும்.

கருதல்: நான்கு முடிபுகள்

இதுவரை செய்தவை சான்றுகளைச் சேர்த்தலாகும். அவற்றைத் தொடுத்து முடிபு காணும் சோதனை ஒன்றுண்டு. வெற்றிடத்தால் இயங்கும் வால்வையுடைய பெற்றோல் வண்டியில், எஞ்சின் சூடேறி மெல்ல ஓடிக்கொண்டிருக்கையிற் கைப்பம்பு ஒன்றால் வால்வைத் திறத்தல் வேண்டும். மெல்ல ஓடும் எஞ்சினுக்குள் கழிவு வாயு திடீரெனப் புகுந்தால் அது தடுமாறும். சில வேளை நின்றும் விடும். அத்தடுமாற்றம் வாயு சென்றது என்பதற்கு நேர்ச் சான்று. அதே வேளை உணரியின் செய்தியையும் நோக்கின், நான்கு நிலைகள் கூடும்.

எஞ்சின் தடுமாறுகின்றது, செய்தியும் மாறுகின்றது எனின், வால்வும் வழியும் உணரியும் குற்றமற்றவை. வால்வை ஏவும் மின்காந்தத் திறப்பிலோ வெற்றிடக் குழாயிலோ குறையைத் தேடவேண்டும். எஞ்சின் தடுமாறுகின்றது, செய்தி மாறவில்லை எனின், வாயு சென்றும் அதனை அறிவிப்பாரில்லை. வயர்கள் முன்னரே சோதிக்கப்பட்டமையின் உணரியே பழுது. எஞ்சின் தடுமாறவில்லை, செய்தி மட்டும் மாறுகின்றது எனின், வால்வு அசைந்தது, உணரி உண்மை சொன்னது, வழியோ கரியால் அடைபட்டுள்ளது. இரண்டும் நிகழவில்லை எனின், வால்வு இறுகியதா, அதன் மென்றகடு கிழிந்ததா என நோக்கல் வேண்டும். கைப்பம்பின் மானி தாழ்ந்துகொண்டே வரின் தகடு கிழிந்தது. நிலைத்து நிற்பின் தண்டு இறுகியது. உணரி நன்றா என்பது வால்வைக் கழற்றித் தண்டைக் கையால் அழுத்திப் பார்க்கும்போது புலனாகும்.

இந்நான்கினுள் உணரியை மாற்றவேண்டிய நிலை ஒன்றே என்பது கருதத்தக்கது. மூன்றாம் நிலையிற் புது உணரி வாங்கிப் பொருத்தியவரின் வண்டியில் விளக்கு சில நாள் அணைந்து மீண்டும் எரியும். அவர் உணரியின் தரத்தைப் பழிப்பார். கரியோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இச்சோதனைக்கு எல்லைகளும் உண்டு. டீசல் எஞ்சின் மிகையான காற்றோடு இயங்குவதால், கழிவு வாயு புகுந்தாலும் பெற்றோல் எஞ்சினைப் போலத் தடுமாறாது. ஆகவே அங்கே வழியைக் கழற்றிக் கண்ணாற் காணுதலே துணிபு. அழுத்த வேறுபாட்டை அளக்கும் உணரியில், வழி அடைபட்டிருப்பின் செய்தியும் மாறாது; உணரியின் தாழழுத்தப் பக்கக் குழாயிற் கைப்பம்பால் வெற்றிடமிட்டு அதனைத் தனியே சோதித்தல் வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் வால்வை ஸ்கானர் மூலமே ஏவல் வேண்டும். எவ்வகையாயினும், எஞ்சின் ஓடும்போது மூடிய கராச்சினுள் இவ்வேலையைச் செய்தலாகாது. காபனோரொட்சைட்டு மணமின்றியே உயிரைக் கொள்ளும். கரியைக் கரைக்கும் திரவத்தை உணரியின்மீது தெளித்தலும் ஆகாது.

பரிகாரம் செய்தபின், குறியெண்ணை அழித்து, வண்டியை நடுத்தர வேகத்திற் சில நாள் ஓட்டி, மீண்டும் நோக்கல் வேண்டும். விளக்கு அணைந்தமை மட்டும் சான்றாகாது. அழித்தமையால் அணைந்ததும், திருந்தியமையால் அணைந்ததும் முதலில் ஒன்றுபோலவே தோன்றும்.

தகடு வைத்து அடைத்தல்

இவ்வுழைப்பையெல்லாம் தவிர்க்கும் குறுக்குவழி ஒன்று வழக்கிலுள்ளது. வாயு செல்லும் வழியில் ஒரு சிறு தகட்டை வைத்து இறுக்கி அடைத்துவிடுதலே அது. செலவு மிகக் குறைவு, கரி படியாது, டீசல் வண்டியிற் கரும்புகையும் குறையும். ஆதலின் பலர் அதனைத் திருத்தம் என்றே எண்ணுகின்றனர். ஆயின் சுவாலையின் வெப்பநிலை மீண்டும் உயர்கின்றது. கண்ணுக்குத் தெரியாத நைத்திரிக்கொட்சைட்டு மிகுகின்றது. பெற்றோல் எஞ்சினில், சுமையேற்றி மேடேறும்போது உருளைக்குள்ளே தட்டொலி எழுந்து காலப்போக்கில் முசலத்தையும் கெடுக்கலாம்.

இலங்கையில் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். 2008 ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலே தொடங்கிய ஏற்பாடு இது. அதனில் பெற்றோல் வண்டிகளின் காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபனும், டீசல் வண்டிகளின் புகையடர்த்தியும் அளக்கப்படுகின்றன. நைதரசனொட்சைட்டுகள் அளக்கப்படுவதில்லை. எனவே தகடு வைத்து அடைத்த டீசல் வண்டி, அடைக்காத வண்டியைவிட எளிதாகத் தேறிவிடுதலும் கூடும். சான்றிதழ் பொய்யன்று, கேட்கப்பட்ட வினாவிற்கு அது நேர்மையாகவே விடை கூறுகின்றது. கேட்கப்படாத வினாவிற்கும் அதுவே விடையெனக் கொள்வது கொள்வார் பிழையாகும். புகை காணப்படாமையால் தீங்கில்லை எனத் துணிதல் போலிக் கருதலாகும். புகையின்றியும் நெருப்புண்டு என்பதை அளவை நூலோரே பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி விளக்கியுள்ளனர்.

காலி வீதியில் மாலை நேரத்திற் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மாணவரும், ஜம்பட்டா வீதியின் ஓரத்திற் கடை வைத்திருப்போரும் அத்தகட்டின் விலையைத் தம் மூச்சாற் செலுத்துகின்றனர். வண்டியுடையாரோ அதனை அறியார். பெரும்பாலும் அவரிடம் கேட்டும் செய்யப்படுவதில்லை.

ஆதலின், பழைய வண்டியை உடையோர் கராச்சில் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுதல் நன்று. குறியெண் சொன்னது யாது? எதனை எவ்வாறு அளந்தீர்? அவ்வளவிலிருந்து இவ்வுறுப்பே பழுதென்பது எங்ஙனம் பெறப்படும்? தேர்ந்த தொழிலாளி இவ்வினாக்களால் வெகுளான். தன் தொழிலை மதிப்பார் ஒருவர் வந்தாரென மகிழ்ந்து, கழற்றிய வால்வின் கரியையும் மீற்றரின் முள்ளையும் அவரே காணக் காட்டுவான். வயரையும் வழியையும் நோக்காது உறுப்பை மாற்றச் சொல்பவனிடத்தில் விடை முதல் வினாவோடு நின்றுவிடும். எங்கே நிற்கின்றது என்பதைக் கண்டுகொள்ளும் அளவிற்கு அறிவு இருப்பின், வண்டியுடையார்க்கு அதுவே போதும்.